ஒரே ரூபாய், இரண்டு கணக்கு



வங்கியில் ஒரே சீட்டை இரண்டு கணக்கில் பதிந்துவிட்டால் சாயங்காலம் கணக்கு நேராகாது. நேராகாமல் வீட்டுக்குப் போக முடியாது. ஒருமுறை இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்து தேடியிருக்கிறேன். தவறு என்னுடையதுதான்.

அரசாங்கக் கணக்கு மட்டும் எப்படியோ நேராகிவிடுகிறது.

1979இல் சிறப்புக்கூறுத் திட்டம் வந்தது. மக்கள்தொகையில் நாம் எத்தனை பங்கோ, திட்டச் செலவிலும் அத்தனை பங்கு நமக்கென்று ஒதுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியார் ஏறத்தாழ 20 விழுக்காடு. வரவு செலவில் இதற்கென்றே ஒரு கணக்குத் தலைப்பு, எண் 789.

தலைப்பு இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது? ஊருக்குப் பொதுவாக ஒரு தார்ச்சாலை போடுகிறார்கள் என்று வையுங்கள். அது பொதுச்செலவு. அதே சாலைச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை ஆதிதிராவிடர் நலன் என்று 789இல் எழுதிவிடலாம். சாலை சேரிக்குள் திரும்பாவிட்டாலும் கணக்கு திரும்பிவிடும். சாலைத் துறையும் செய்தேன் என்கும், நலக்கணக்கும் செய்தேன் என்கும். போனது ஒரே ரூபாய்.

ஏலாக்குறிச்சியில் சித்தப்பாவிடம் இதை விளக்கினேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ஒரே மாட்ட ரெண்டு சந்தையில வித்தா அதுக்குப் பேரு என்னப்பா?"

இன்னொரு கணக்கும் கேளுங்கள். வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர் இது, அடைக்கல மாதா கோயில் ஊர். மாதாவைக் கும்பிடுகிற பறையர், 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியார் இல்லை. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவருக்குக் கதவு திறக்கவில்லை. ஆக அந்த 20 விழுக்காட்டிலேயே அவர்கள் கிடையாது. தெருவில் சாதி அவர்களைத் தவறாமல் எண்ணுகிறது. அரசு ஒருமுறைகூட எண்ணுவதில்லை. ரூபாயை இரண்டுமுறை எண்ணுகிற கைக்கு ஆளை எண்ண வரவில்லையா?

2024இல் தமிழ்நாட்டில் இந்த நிதிக்கென்று தனிச்சட்டம் வந்தது. நல்லது. ஆனால் சட்டம் தானாகப் பேரேட்டைப் புரட்டிப் பார்க்காது, நாம்தான் பார்க்க வேண்டும். கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: 789இல் எழுதிய பணம் எந்தத் தெருவுக்கு, எந்த வீட்டுக்கு வந்தது? பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கப் பெயர் இல்லையென்றால் அந்தப் பணம் நமக்கு வரவில்லை என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கணக்கு நேராகாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.