வில்லேந்தாத வில்லன்



வில்லேந்தியவனே வில்லன். நம்மவரோ ஆங்கிலத்தினின்று அவ்வொலியை இரவல் வாங்கிக் கொலைத்தொடர்களின் கொடியவனுக்குச் சூட்டி மகிழ்கின்றனர். தீயோன் என்றழைத்தால் அவன் தீமை குறைந்து போகுமோ?

2022 திசம்பரில் அமேசான் இணையத்திரையில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது 'வதந்தி' என்னும் துப்பறி தொடர். இயக்கியவர் ஆண்ட்ரூ லூயிசு. தயாரித்தவர் புட்கர் – காயத்திரி இணையர். களம் நம் குமரி மண். படப்பிடிப்பு நடந்த இடத்தில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடக்கின்றது. நடிகை ஒருத்தி மாண்டாள் என்று நாடே அலறுகின்றது. அந்நடிகையோ உயிரோடு வந்து நிற்கின்றாள்! இறந்தவள் வெலோனி என்னும் வேறொரு பெண். இனித்தான் அவளை மறுபடியும் கொல்லத் தொடங்குகின்றனர். செய்தித்தாள்கள் ஒரு வெலோனியைப் படைக்கின்றன, புதின எழுத்தாளன் ஒருத்தியை, ஊரார் ஆளுக்கொருத்தியை. எசு.சே. சூரியா நடித்த காவல் உதவி ஆய்வாளன், இத்தனை பொய்களுக்கிடையே மெய்யான ஒருத்தியைத் தேடித் தன் இல்லத்தையே மறக்கின்றான். 'கொன்றவன் யார்?' என்பதினும் 'இவள் யார்?' என்னும் வினாவே நம்மை எழவொட்டாமல் பிணிக்கின்றது. மேலும் கூறின் இனிக் காண்பார்க்குத் தீங்கிழைத்தவராவோம். கத்தியேந்தியவனினும் ஊர்வாயே கொடிது என்று காட்டிய திறத்தை நெஞ்சாரப் பாராட்டுகின்றோம்.

பெயரில்தான் நமக்கு வழக்கு. 'வதந்தி' வடசொல், அதற்கு ஓர் ஆங்கில வால் வேறு! பழிப்பேச்சு வாய்க்குள் அரும்பினால் அம்பல். பலரறியப் பெயர்சுட்டி விரிந்தால் அலர். அரும்பும் மலரும் போல் ஊர்ப்பேச்சின் இரு நிலைகளுக்கும் தனித்தனிச் சொல் கண்டவர் நம் முன்னோர். தொல்காப்பியம் இரண்டையும் கூறும். குறளின் 115-ஆம் அதிகாரமே அலரைப் பற்றியது. அகப்பாடல்களின் அலர் உயிரோடிருக்கும் காதலரைப் பற்றியதன்றோ, இங்குப் பொருந்துமோ எனின், பொருந்தும். காதலர் மணந்து ஊர்வாயை அடைத்தனர். வெலோனிக்கு அவ்வழியும் இல்லை. அம்பலாய் அரும்பி அலராய் விரிந்து ஒரு பெண்ணின் பெயரைத் தின்ற கதைக்கு 'அலர்' என்பதினும் பொருத்தமான பெயர் யாது?

அறியாமற் செய்தனர் என்றும் சொல்வதற்கில்லை. அதே இணையர் அதே ஆண்டு சூன் மாதம் 'சுழல்' என்னும் தொடரைத் தந்தனர். அதற்கும் ஆங்கில வால் உண்டெனினும் தலை தூய தமிழ். முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அத்தொடர் சென்றது. அப்பெயர் எந்த நாட்டிலும் அதன் வழியை மறிக்கவில்லை.