கூரத்தாழ்வானை எங்கே போய்த் தேடுவது?

முதல்லயே சொல்லிடறேன். இது கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் காரமான பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த வாரம் வாங்க :)

மேட்டர் இதுதான். பார்வையில்லாத, அல்லது கையால் எழுத முடியாத ஒரு மாணவருக்கு நம்ம இன்ஜினியரிங் காலேஜ்கள் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் உதவி என்ன? பரீட்சை அன்னிக்கு ஒரு ஸ்க்ரைப். இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். அதோட கடமை முடிஞ்சுது. மீதி நாளெல்லாம்? அது அவங்க தலையெழுத்து. இந்த ஏற்பாட்டுக்கு இனிமேலும் 'வசதி' என்று பேர் வைக்கக்கூடாது என்பதுதான் என் கட்சி.

நான் குப்பை கொட்டுறது ஒரகடத்துல, குடியிருக்கிறது ஸ்ரீபெரும்புதூர்ல. ராமானுஜர் பிறந்த ஊர் என்பதால் இங்க டீக்கடையில்கூட அவர் கதை கிடைக்கும். ஸ்ரீபாஷ்யம் உருவான கதை தெரியுமில்லையா? சொன்னவர் ராமானுஜர், எழுதினவர் கூரத்தாழ்வான். 'நான் சொல்றதுல உனக்கு ஒப்புதல் இல்லேன்னா எழுதறதை நிறுத்திடு' என்று ஒப்பந்தம். ஒரு இடத்துல ஆழ்வான் நிஜமாவே நிறுத்திட்டார். குருவுக்குக் கோபம் வந்து, அப்புறம் யோசிச்சுப் பார்த்து, சிஷ்யன் பக்கம்தான் நியாயம் என்று ஒத்துக்கிட்டார் என்பது குருபரம்பரைக் கதை. அதே ஆழ்வான் பின்னால சோழ ராஜா சபையில கண்ணை இழந்தார் என்றும் அந்தக் கதை சொல்லுது.

ஆக, ஒரு நல்ல ஸ்க்ரைப் என்றால் சொல்பவருக்குச் சமமாப் பாடம் தெரிஞ்சவரா இருக்கணும். நம்ம விதி நேர் எதிர். 2018 ஆகஸ்ட்டில் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, மாணவர் தானே ஒரு ஸ்க்ரைபைக் கூட்டி வந்தால் அவர் ஒரு படி குறைஞ்ச படிப்பு படிச்சவரா இருக்கணும். ஏன்னா பாடம் தெரிஞ்சவர் வந்தா அவரே பதில் எழுதிடுவாராம். பயம் நியாயமான பயம்தான். ஆனா அதன் விளைவை யோசிங்க. லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம்னா என்னன்னே தெரியாத ஒருத்தரிடம் 'இ பவர் மைனஸ் எஸ்டி' என்று சொல்லணும். எஸ்டி முழுசும் மேல போகணுமா, எஸ் மட்டுமான்னு அவருக்கு எப்படித் தெரியும்? சின்ன உதாரணம்: 'ஏ பிளஸ் பி பை சி'. இதை வாயால் சொன்னா ரெண்டு அர்த்தம். கூட்டிட்டு வகுக்கறதா, வகுத்துட்டுக் கூட்டறதா? தப்பா எழுதினா மார்க் போவது ஸ்க்ரைபுக்கு இல்லை.

நண்பனோட தங்கை இந்தச் சாலையில ஒரு காலேஜ்ல மூணாம் வருஷம் படிக்கிறாள். எந்தக் காலேஜ்னு வேணாம், எல்லாம் ஒண்ணுதான். பார்வை மிகக் குறைவு. போன செமஸ்டர்ல பரீட்சைக்கு அரை மணி நேரம் முன்னாடிதான் ஸ்க்ரைப் கையில கிடைச்சாராம். ஒவ்வொரு சூத்திரத்தையும் எழுத்துக்கூட்டி, எழுதினதைத் திருப்பிப் படிக்கச் சொல்லி, திருத்தி... கூடுதலாத் தந்த நேரம் அதுக்கே சரியாப் போச்சு. மணிக்கு 20 நிமிஷம் என்பது விதி. 3 மணி நேரப் பரீட்சைக்கு 4 மணி நேரம். அந்தக் கூடுதல் மணி நேரம் அவள் யோசிக்கறதுக்காகக் கொடுத்தது. ஸ்க்ரைபுக்குப் பாடம் நடத்தறதுக்கு இல்ல.

இதுல கொடுமை என்னன்னா, இதே பொண்ணு வீட்டில் கம்ப்யூட்டர்ல நிமிஷமா ப்ரோக்ராம் எழுதறா. என்விடிஏ என்று ஒரு ஸ்க்ரீன் ரீடர். 2006ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையில்லாத இளைஞர் ஆரம்பிச்சது. காசு கிடையாது. தமிழும் படிக்கும். திரையில் இருக்கறதைக் காதில் சொல்லும், தான் தட்டினதைத் தானே சரிபார்க்கலாம். அதே 2018 வழிகாட்டுதல்ல மாணவர் கம்ப்யூட்டர்ல விடை எழுதலாம், முதல் நாளே அந்தக் கம்ப்யூட்டரைச் சரிபார்க்கலாம் என்றும் இருக்கு. ஸ்க்ரைப் பத்தின வரி மட்டும் எல்லா எக்ஸாம் செல்லுக்கும் தெரியுது. கம்ப்யூட்டர் வரி மட்டும் கண்ணுக்குத் தெரியாது. யாருக்குப் பார்வைக் குறைபாடு என்று நீங்களே சொல்லுங்க.

'காப்பி அடிச்சிட்டா?' இதான் முதல் கேள்வி. நெட் இணைப்பு இல்லாத ஒரு கம்ப்யூட்டர், பக்கத்துல ஒரு கண்காணிப்பாளர். தீர்ந்தது. பேசற வாய் ஒண்ணும் எழுதற கை ஒண்ணும் தனித்தனியா இருக்கும் ஸ்க்ரைப் முறையைவிட இதுல தப்பு நடக்க வாய்ப்பு கம்மி. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்குல உச்சநீதிமன்றம் இந்தச் சந்தேகப் புத்தியையும்தான் கண்டிச்சுது. அவருக்கு எழுதும்போது கை இழுக்கும் கோளாறு. 40 சதவீத ஊனம் இல்லை என்பதால் யூபிஎஸ்சி ஸ்க்ரைப் தர மறுத்தது. சதவீதம் முக்கியமில்லை, தேவைதான் முக்கியம் என்று தீர்ப்பு வந்தது.

'எங்க காலேஜ்ல அப்படி யாருமே இல்லையே' என்பது ரெண்டாவது. படிக்கட்டு வழியா மட்டும் போகக்கூடிய கடைக்குச் சக்கர நாற்காலியில் யாரும் வர்றதில்லைன்னு முதலாளி சொல்ற மாதிரி இருக்கு. 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லுது. அரசுக் கல்லூரிகளிலும் உதவிபெறும் கல்லூரிகளிலும் 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்லுது. தேர்வுமுறையை மாத்தணும், கூடுதல் நேரம் தரணும் என்றும் சொல்லுது. இடம் கொடுத்துட்டுப் பாடத்தைக் கொடுக்காம இருந்தா அதுக்குப் பேர் என்ன?

பாடம் என்றதும் நினைவுக்கு வருது. பரீட்சையைவிடப் பெரிய அக்கிரமம் நோட்ஸ்ல நடக்குது. பத்து வருஷ ஜெராக்ஸை மொபைல்ல போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கி குரூப்ல போட்டுடறாங்க. நமக்கு அது எழுத்து. ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் படம், ஊமையா நிக்கும். தமிழ் நோட்ஸ்னா இன்னும் மோசம். நம்ம பதிவர்களுக்கு எழுத்துரு யுத்தம் எல்லாம் மனப்பாடம்தானே. பாமினியில் 'தமிழ்' என்று அடிச்ச கோப்பைத் திறந்தா அது 'ஜே கே பி ஓ செமிகோலன்' என்று படிக்கும். தமிழக அரசு 2010லேயே யூனிகோடைத் தரமா அறிவிச்சாச்சு. இன்னும் வானவில்லிலும் பாமினியிலும் கோப்பு சுத்துதுன்னா அது தொழில்நுட்பப் பிரச்சினை இல்லை, சோம்பேறித்தனம்.

கல்லூரிப் போர்ட்டலுக்குள்ள நுழையவே 'படத்தில் தெரியும் எழுத்தை டைப் செய்க'. படம் தெரிஞ்சா அவங்க ஏன்யா உங்ககிட்ட வர்றாங்க? டிஜிட்டல் வசதி கிடைப்பது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்குல உச்சநீதிமன்றம் சொல்லியாச்சு. அதுக்கு முன்னாடி 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கு. அணுகல் விதிகள் வெறும் ஆலோசனையா இருந்தாப் பத்தாது, கட்டாயமா இருக்கணும் என்றது. 

'செலவு யார் தர்றது?' இது மூணாவது. இதுக்கு என் பதில் ஒரகடத்துலேர்ந்தே. இந்த வட்டாரத்துல எந்த பேக்டரிக்குள்ள வேணா போய்ப் பாருங்க. ஆபரேட்டர் குனிஞ்சு குனிஞ்சு முதுகு வலிக்குதுன்னா வேலை மேடையோட உயரத்தை மாத்துவாங்க. சத்தத்துல அலாரம் கேக்காதுன்னா விளக்கும் சேர்த்து வைப்பாங்க. விளக்கைப் பாக்காம விட்டுடக்கூடாதுன்னு பஸ்ஸரும் இருக்கும். தப்பான பக்கமா பாகத்தைச் சொருகவே முடியாதபடி ஜிக் செய்வாங்க. இதை யாரும் கருணைன்னு சொல்றதில்ல. ஆபரேட்டருக்கு விருது கொடுத்து போட்டோ எடுக்கறதில்ல. எர்கானமிக்ஸ் என்று பேர் வெச்சு, உற்பத்திக் கணக்குல எழுதறாங்க. லைன் ஓடணும், அவ்வளவுதான். பேக்டரி மனுஷனுக்கு ஏத்தபடி மேசையை மாத்துது. நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காலேஜ், மேசைக்கு ஏத்தபடி மனுஷனை மாறச் சொல்லுது. அதுவும் இலவச மென்பொருளையும், ஏற்கெனவே வாங்கி வெச்ச கம்ப்யூட்டரையும் பயன்படுத்தச் சொன்னா செலவுக் கணக்கு பேசுது!

நம்ம சாஃப்ட்வேர் ஆட்களுக்கும் ஒரு குட்டு. 'ஒரு ஆப் போட்டுடலாம், ஏஐ எல்லாத்தையும் படிச்சிடும்' என்று கிளம்பிடாதீங்க. மங்கலான ஜெராக்ஸில் இருக்கும் மேட்ரிக்ஸை ஏஐ ஒரு எண் மாத்திப் படிச்சா, அதைக் கண்டுபிடிக்கக் கண் வேணும். மூலத்தையே ஒழுங்காக் கொடுங்க. கணக்குச் சூத்திரங்களுக்கு மேத்எம்எல் 1998லேயே வந்தாச்சு. 'ஏ பிளஸ் பி' முழுசும் மேலயா, பாதியான்னு அது குழப்பமில்லாமச் சொல்லும்.

மதுரை பூரண சுந்தரி 2019 யூபிஎஸ்சி தேர்வுல 286வது இடம் வாங்கினப்போ எல்லாரும் கை தட்டினோம். தட்ட வேண்டியதுதான். ஆனா இந்த மாதிரிச் செய்திகள்ல எப்பவும் வீட்டில் யாரோ ராப்பகலா படிச்சுக் காட்டின வரி ஒண்ணு இருக்கும். அதை நாம நெகிழ்ச்சியாப் படிக்கிறோம். எனக்கு அது குற்றப்பத்திரிகை மாதிரித் தெரியுது. படிச்சுக் காட்ட ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைங்க என்ன ஆனாங்க?

காலேஜ்கள் செய்ய வேண்டியது நாலே நாலு. செமஸ்டர் தொடக்கத்திலேயே தேவையைக் கேட்டு எழுதி வெச்சுக்கணும், பரீட்சை அன்னிக்கு இல்ல. நோட்ஸ் எல்லாம் எழுத்தா, யூனிகோடில் தரணும். லேப்ல ரெண்டு கம்ப்யூட்டர்ல என்விடிஏ போட்டு, விரும்பறவங்களை அதுலயே பரீட்சை எழுத விடணும். ஸ்க்ரைப்தான் வேணும்னு கேக்கறவங்களுக்கு அவங்களே ஆளைத் தேர்ந்தெடுக்க முன்கூட்டியே நேரம் தரணும். வழி தெரியலேன்னா முட்டுக்காட்டுல இதுக்குன்னே மத்திய அரசு நிறுவனம் இருக்கு, போய்க் கேக்கட்டும்.

காலேஜ்ல வேலை பாக்கற பதிவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கீங்க. உங்க எக்ஸாம் செல்லில் அந்தக் கம்ப்யூட்டர் வரியை யாராவது படிச்சிருக்காங்களான்னு கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறவங்களும் வரலாம், ஆனா காரணத்தோட வாங்க.

பி.கு: உங்க பதிவுல படம் போட்டா, அதுல என்ன இருக்குன்னு ஒரு வரி எழுதுங்க. கவிதையைப் படமா மாத்திப் போடறதை விட்டுடுங்க. அந்தக் கவிதை சிலருக்குக் கேக்கவே கேக்காது.