நண்பருடன் ஒரு சாலைப் பயணம்

பிறமொழி வழங்கும் மாநிலத்தில் பயிலும் மாணவர், நண்பர்களுடன் சாலைவழிப் பயணம் மேற்கொள்வது வீண் பொழுதுபோக்கு அன்று, அதுவும் கல்வியே. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் சாலை இதற்குச் சான்று.

களியக்காவிளை எல்லை வரையில் மலையாளப் பெயர்ப்பலகைகளை நண்பர் படித்துக் காட்டுவார். அதற்கப்பால் தமிழைப் படித்துக் காட்டுவது நம் கடமை. தாய்மொழி எழுத்தை அறியாதவரோ, தம் முன்னோர் மண்ணிலேயே பிறர் துணையை நாடி நிற்பர்.

தக்கலை அருகே, திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்தில் அரண்மனை ஒன்று உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆயினும், அரண்மனையை இன்றும் கேரள அரசே பேணுகிறது. நிலம் பிரிந்தும் உறவு பிரியவில்லை என்பதை இருவரும் சேர்ந்தே அங்குக் காணலாம்.

ஆதலால், மாணவர்களே! தமிழைத் தடையின்றிப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நண்பருக்கு வழிகாட்டும் தகுதி அதனால் வரும்.