பட்டமும் காக்கியுடையும்

பட்டம் பெற்ற வாலிபன் அடுத்து யாது செய்வான்? எம் நாட்டில் அவன் விண்ணப்பங்களை எழுதிக் கந்தோர்தோறும் அனுப்பிவிட்டுத் தபாற்காரனை எதிர்நோக்கியிருந்த காலமொன்றுண்டு. நைஜீரியாவிலோ, முப்பது வயது நிரம்பாத பட்டதாரி முதலிற் செய்ய வேண்டுவது தேசிய இளைஞர் சேவைக்குத் தன் பெயரைப் பதிதலேயாகும். அச்சேவையை முடித்தமைக்கான பத்திரத்தை உத்தியோகம் தருவோர் கேட்டே தீரவேண்டுமென அந்நாட்டுச் சட்டம் விதிக்கின்றது.

தூரதேசத்து விடயத்தை இம்மலரில் எழுதுவானேன் என்று கேட்போருக்கு ஒன்று சொல்வோம். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் யாழ்ப்பாணத்து ஆசிரியர் பலர் நைஜீரியப் பாடசாலைகளுக்குக் கற்பிக்கச் சென்றனர். அவருள் எம் பழைய மாணவரும் இருந்தனர். ஆசிரியர் அறையிலே தம் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த சேவைக்கார இளைஞரைப் பற்றி அவர்கள் சொல்லக் கேட்டே யாம் இதனை முதலில் அறிந்தோம்.

1967இல் மூண்டு 1970 சனவரியில் ஓய்ந்த உள்நாட்டுப் போர் அந்நாட்டைப் பிளந்துபோட்டது. பயாபிரா எனப் பிரிந்து நின்ற கிழக்குப் பகுதியிற் பட்டினியால் மடிந்த குழந்தைகளின் படங்களை அக்காலத்துப் பத்திரிகைகளிற் கண்டோர் மறந்திரார். போர் முடிந்து மூன்றாண்டுகளில், 1973 மே 22ஆம் திகதி, ஜெனரல் கோவனின் இராணுவ அரசாங்கம் இச்சேவையை நிறுவியது. தெற்கிலே பிறந்த யொரூபா இளைஞன் வடக்கே ஹவுசா மக்களிடையிலும், வடக்கத்தையான் இக்போ மக்களிடையிலும் ஓராண்டு வாழ்ந்து பணி செய்யவேண்டும் என்பதே நோக்கம். முதல் மூன்று வாரம் முகாமிற் பயிற்சி; அதன்பின் பெரும்பாலும் பாடசாலைகளிலும், சிலர்க்கு வைத்தியசாலைகளிலும் கந்தோர்களிலும் பணி. பட்டதாரி ஆசிரியர் எட்டிப்பாராத கிராமத்துப் பள்ளிக்கூடங்களிலே கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தோர் இவ்விளைஞரே. இதனை யாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

பதிவு செய்யும் முறை அத்துணை பாராட்டுதற்குரியதன்று. பல்கலைக்கழக மூதவை ஒப்புக்கொண்ட பட்டியலிற் பெயர் வரவேண்டும். பின்பு இணையத்தளத்திற் பதிந்து பெருவிரல் அடையாளமும் வைத்தல் வேண்டும். பெயரோ பிறந்த திகதியோ ஒரு பத்திரத்தில் ஒருவிதமாயும் மற்றொன்றில் வேறுவிதமாயும் இருந்துவிட்டால், எழுதுவினைஞர் பிழைக்குப் பட்டதாரி தண்டமிறுத்து அடுத்த குழுவரையும் காத்திருப்பான். முகாமிலும் அதே விரல் ஒத்திருத்தல் வேண்டும். (விரலைக் காட்டிலும் மனிதனை நம்பிய காலம் எங்கும் போய்விட்டது போலும்.) செல்வாக்குள்ளோர் பிள்ளைகள் மட்டும் லாகோசிலும் அபுஜாவிலும் வசதியான இடங்களைப் பெறுகின்றனர் என்னும் முறைப்பாடும் அங்கு நெடுங்காலமாகவே உண்டு.

இப்பத்திரத்தின் வலிமைக்கு ஓர் உதாரணம் கூறலாம். நிதியமைச்சராயிருந்த கெமி அடியோசன் அம்மையார், தம்மிடமிருந்த விலக்குப் பத்திரம் போலியென வெளிப்பட்டதும், 2018இற் பதவி துறந்தார். 2021இல் நீதிமன்றமோ, அவர் பட்டம் பெற்ற காலத்தில் நைஜீரியப் பிரஜையாக இராமையால் அச்சேவைக்குக் கடப்பாடுடையவரே அல்லர் என்று தீர்ப்பளித்தது! அமைச்சருக்கே விளங்காத விதி கிராமத்துப் பையனுக்கு எங்ஙனம் விளங்கும்?

எம் மனத்தை உறுத்துவது இவற்றினும் பெரிது. 2011 ஏப்பிரலில், சனாதிபதித் தேர்தலை அடுத்து மூண்ட கலவரத்திலே, பௌச்சி மாநிலத்தில் மாத்திரம் சேவையிளைஞர் பதின்மர் கொல்லப்பட்டனர். தேர்தற் கடமை செய்தமையாலும் அயலூரார் என்பதனாலும் கலகக்காரர் கண்ணுக்கு அவர்கள் எளிதிற் புலப்பட்டனர். பெற்ற தாயிடமிருந்து பிள்ளையைச் சட்டத்தால் வாங்கி ஆயிரங் கல்லுக்கு அப்பால் அனுப்பும் அரசு, அப்பிள்ளையை உயிரோடு திருப்பிக் கொடுக்கவும் சட்டத்தாற் கட்டுண்டிருத்தல் வேண்டும். காக்க இயலாத ஊருக்கு அனுப்பும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை என்பதே எம் துணிபு.

ஆயினும் சேவையை அடியோடு ஒழிக்க 2021இல் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபைக்கு வந்த மசோதாவை யாம் ஆதரியோம். எம் தீவும் நீண்ட போரைக் கண்டதே. அதன்பின், 2011இல், பல்கலைக்கழகம் புகவிருந்த எம் பிள்ளைகளை இராணுவ முகாம்களுக்கு அழைத்து மூன்று வாரம் தலைமைத்துவப் பயிற்சி அளித்தனர். நைஜீரியரின் முகாமும் மூன்று வாரந்தான். ஆனால் அவர்க்கு அது வாயிற்படி. அதைக் கடந்தபின்னரே வேற்றூர், வேற்றுமொழி, வேற்றார் வீட்டுச் சோறு என்பன தொடங்கும். நாமோ வாயிற்படியை மட்டும் கட்டிவிட்டு வீட்டைக் கட்டாது விட்டோம். யாழ்ப்பாணத்துப் பட்டதாரி மாத்தறையில் ஓராண்டும், மாத்தறைப் பட்டதாரி வல்வெட்டித்துறையில் ஓராண்டும், சீருடையின்றித் தாமே விரும்பிக் கற்பித்திருப்பின் யாது குறைந்திருக்கும்?

வட நைஜீரியாவிற் கற்பித்து மீண்ட எம் மூத்த பழைய மாணவர் ஒருவர் சொன்னது நினைவுக்கு வருகின்றது. லாகோசிலிருந்து வந்த சேவையிளைஞன் ஒருவன் முதல் மாதம் முழுவதும் மாற்றங் கேட்டுக் கடிதம் எழுதிய வண்ணமே இருந்தானாம். ஆண்டு முடிவில் ஊரார் அவனுக்கு ஓர் ஆட்டுக்கடாவைப் பரிசளித்தனர். விற்றுவிட்டுப் போவான் என்றே ஆசிரியர் அறையில் யாவரும் எண்ணினர். அவனோ அதற்கும் சேர்த்துக் கட்டணம் கொடுத்து, பேருந்துக் கூரையிற் கட்டுவித்து, லாகோசுக்கே கொண்டுபோனானாம்.