நிழலும் சான்றே

பழைய கோவாவின் போம் ஜீசஸ் பேராலயம் 1605இல் அர்ச்சிக்கப்பட்டது. மங்கிய நடுக்கூடத்தைக் கடந்து நோக்கும்போதுதான் அதன் பொன்முலாம் பூசிய பீடம் சுடர்கிறது. வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களை ஒன்றாக்கி, நிழலை உயர்த்தி, சன்னலின் வெண்மையைத் தாழ்த்தினால் அந்த வேறுபாடே மறைந்துவிடும்.

‘கண் காண்பதையே மீட்கிறோம்’ என்பர். கண்ணோ இருளுக்குப் பழகச் சில நிமிடங்கள் கேட்கும். சன்னலையும் இருண்ட மூலையையும் ஒரே தெளிவில் ஒருசேரக் காட்டாது.

சுற்றுலா விளம்பரத்துக்கு அப்படம் பொருந்தலாம். ஆய்வேட்டில் அது திருத்தப்பட்ட சான்று. கல்வெட்டில் சிதைந்த எழுத்தை நிரப்பும் பதிப்பாசிரியர் அடைப்புக்குறி இடுகிறார்; நிழலை வெளுப்பவருக்கு மட்டும் அக்கடமை இல்லையா? மூலக்கோப்பைப் பேணுக, செய்த திருத்தங்களைப் படக்குறிப்பில் எழுதுக.