விடத் தெரியுமா?

கடலே இல்லாத ராஜபாளையத்துக்காரர்களுக்கு நங்கூரம் பற்றிப் பாடம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். மில் ஆபீஸில் கணக்கெழுதுகிற பையன்கள்கூட இப்போது செல்போனில் கயாக் விலை பார்க்கிறார்கள். கயாக் என்றால் ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் குட்டிப் படகு. நம்மூர்க் கண்மாயில் லாரி டியூபில் உட்கார்ந்து மீன் பிடிப்பார்களே, அதற்குப் பேன்ட் சட்டை மாட்டிவிட்ட மாதிரி!

படகு வாங்கியவர் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணாச்சி, நங்கூரம் எத்தனை கிலோவில வாங்கலாம்?"

கிலோ கணக்கெல்லாம் பலசரக்குக் கடைக்கு. தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். தேரோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டை ஒரு சுண்டைக்காய். எந்த இடத்தில், எப்படிக் கொடுக்கிறார் என்பதில்தான் வித்தை. நங்கூரமும் அதே சங்கதிதான்.

கயாக்குக்கு ஒன்றரைக் கிலோவில் மடக்கு நங்கூரம் போதும். விரித்தால் நாலு கொக்கி. கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக் கரண்டி போடுவோமே, அதன் தம்பி. கல், மணல் தரைக்கு இது. வண்டல் படிந்த கண்மாய் என்றால், காளானைக் கவிழ்த்த மாதிரி ஒன்று வரும். அது சேற்றில் புதைந்து உட்காரும்.

"ஒரு கல்லைக் கட்டிப் போட்டா ஆகாதா?"

காற்றில்லாத நாளில் ஆகும். காற்று எழும்பினால் கல் தரையோடு உருண்டு உங்கள் கூடவே ஊர்வலம் வரும்.

அடுத்தது கயிறு. பத்தடி ஆழத்துக்குப் பத்தடிக் கயிறு என்பதுதான் எல்லோரும் போடுகிற கணக்கு. தப்புக் கணக்கு. ஆண்டாள் கோயில் கோபுரம் 192 அடி. அடியில் நின்று கலசத்தைப் பார்த்தால் கழுத்து ஒடிகிறது. தெருக்கோடிக்குப் போய்ப் பாருங்கள், சும்மா நிமிர்ந்தால் போதும். நீங்கள்தான் நங்கூரம், கலசம்தான் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு செங்குத்தாக நின்றால் நங்கூரத்தைப் பிடுங்கும். சாய்ந்து நீண்டால் கொக்கியைத் தரைக்குள் இழுத்துப் புதைக்கும். ஆகவே பத்தடி ஆழத்துக்கு முப்பதடியாவது வேண்டும். காற்று பலமென்றால் ஐம்பது, எழுபது. நங்கூரத்தை ஒட்டி இரண்டு மூன்று அடிச் சங்கிலி சேர்த்தால் இழுப்பு தரையோடு படிந்து வரும்.

இனிமேல்தான் உயிர் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். நங்கூரக் கயிற்றை எங்கே கட்டுவது? கைக்கு எட்டுகிற இடம் என்று பக்கவாட்டில் நடுவில் கட்டினால், காற்றும் அலையும் படகின் விலாவில் மோதும். கயிறு அந்தப் பக்கத்தைக் கீழே இழுக்கும். கண்மூடித் திறப்பதற்குள் கயாக் குப்புற! முன் நுனி, இல்லாவிட்டால் பின் நுனி. வேறு இடமே கூடாது.

உட்கார்ந்த இடத்திலிருந்து நுனி எட்டாதே? அதற்குத்தான் டிராலி. முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி ஒரு கயிறு, கயிற்றில் ஒரு வளையம். நங்கூரக் கயிற்றை வளையத்துக்குள் விட்டு, டிராலிக் கயிற்றை இழுத்தால் வளையம் நுனிக்கு ஓடும், கொடிக்கம்பத்தில் கொடி ஏறுகிற மாதிரி. நங்கூரக் கயிற்றின் மிச்சத்தைக் கைப்பக்கத்தில் உள்ள கிளீட் என்கிற பிடியில் மாட்டிவிடுங்கள்.

மாட்டச் சொன்னேன். முடிச்சுப் போடச் சொல்லவில்லை! ஒரே இழுப்பில் கழன்றுவர வேண்டும். கயிற்றின் கடைசியில் ஒரு மிதவை கட்டுங்கள். ஆபத்தென்றால் எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகலாம். மிதவையைப் பார்த்து அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம். லைஃப் ஜாக்கெட் உடம்பில், சின்னக் கத்தி அதில்.

நங்கூரம் பாறையில் சிக்குமே? சங்கிலியை நங்கூரத்தின் அடிப்பக்கம் கட்டி, மேல் வளையத்தோடு ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையால் லேசாக இணையுங்கள். சிக்கினால் வெடுக்கென்று இழுங்கள். டை அறுந்து, நங்கூரம் தலைகீழாகத் திரும்பி வந்துவிடும்.

ஓடுகிற ஆற்றில் மட்டும் நங்கூரம் போடாதீர்கள். மலையடிவார ஆறுகளில், இங்கே வெயிலடிக்கும்போதே மேலே பெய்த மழை வெள்ளமாக வந்து நிற்கும். கண்மாயில் மீன் குத்தகைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேற்கே மலைப்பக்கம் 2021-லிருந்து புலிகள் காப்பகம். அங்கே தூண்டிலோடு போனால் புலிக்கு முன்னால் வனத்துறை வந்து பிடிக்கும்.

முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் ஒத்திகை பாருங்கள். நங்கூரம் பிடிக்கிறதா என்று ஒரு தடவை. விடுகிறதா என்று பத்துத் தடவை.

ஏனென்றால் பிடிக்கத் தெரிவது பாதி வித்தைதான். விட வேண்டிய நேரத்தில் விடத் தெரிவது மீதி. இது ஆபீஸ் நாற்காலிக்கும் பொருந்தும் என்று மேனேஜரிடம் போய்ச் சொல்லிவைக்காதீர்கள்!