தள்ளி வைத்தால்தான் ஸ்டீரியோ

இலங்கையின் வரிப்பத்தான்சேனையில் ஒரு வீட்டுக்கு புளூடூத் ஸ்பீக்கர் வாங்குபவர், பெட்டியில் அச்சிட்ட வாட்ஸ் எண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. இரண்டு ஸ்பீக்கர்களை இடம், வலமாக இணைக்க முடியுமா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ஒரே பெட்டிக்குள் சில அங்குல இடைவெளியில் இரண்டு கூம்புகள் இருந்தால் ஸ்டீரியோவின் விரிவு கிடைக்காது.

முன்னறையில் இரண்டையும் ஆறடி தள்ளி, காது உயரத்தில் வைத்து, கேட்பவரும் அதே தூரத்தில் அமர்ந்தால் குர்ஆன் கிராஅத் ஓதும் குரல் நடுவிலிருந்து தெளிவாக வரும். மூலைச்சுவரோடு ஒட்டி வைத்தால் அடித்தொனி வீங்கி உச்சரிப்பை மூடிவிடும். ஓதல் விதிகளான தஜ்வீதைக் கவனித்துக் கேட்கும் வீட்டுக்கு அது பெரிய இழப்பு.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குவது. கல்வீட்டில் போன் இரண்டு சுவர் தாண்டினால் பாட்டு அறுந்து அறுந்து கேட்கலாம்.

மின்சாரம் இல்லாதபோதும் கேட்க, பேட்டரி உள்ளதையே வாங்கலாம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது.